செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தொலைநிலைக் கல்வியில் பயிலும் நம் சங்க அன்பர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழு முறைப்படி நடந்தது. செயற்குழு நான்கு முறை கூடியது. ஒரு கூட்டம் போதிய உறுப்பினர் வராததால் ஒத்திவைக்கப்பட்டது. தொடர்பு வகுப்புகள் இரண்டு நடந்தன. தேர்வு எழுதுவோருக்குப் பழைய வினாத்தாள்கள் அனுப்பப்பட்டன.

மனிதரோடு கூடி உழைக்கும் விலங்குகள் பற்றிய பாடத்தொடரை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே படிப்பவர்களுக்குப் பறவைப் பாடம் எதற்கு என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டது. தேர்வுப் பாடங்களில் ஒப்படைப்பே அனுப்பாத பலர் இந்தத் தொடருக்கு எழுதி அனுப்பினார்கள். என் பதில் அதுதான்.

முதல் பாடம் ஆப்பிரிக்காவின் தேன்காட்டிப் பறவை. மொசாம்பிக்கின் நியாசா காட்டில் யாவோ மக்கள் தனிக் குரல் கொடுத்து அதைக் கூப்பிடுகிறார்கள். பறவை மரத்துக்கு மரம் பறந்து தேனீக் கூட்டைக் காட்டுகிறது. தேன் மனிதருக்கு, மெழுகு பறவைக்கு. அந்தக் குரலைக் கொடுத்தால் பறவை வழிகாட்டும் வாய்ப்பு 33 சதவீதத்திலிருந்து 66 ஆகவும், கூடு கிடைக்கும் வாய்ப்பு 17-இலிருந்து 54 ஆகவும் உயர்வதை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. தான்சானியாவின் ஹட்சா மக்கள் சீழ்க்கை அடித்து அழைக்கிறார்கள். அங்குள்ள பறவைக்கு அந்தச் சீழ்க்கைதான் பழக்கம். இந்தப் பறவை பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுவது. ஆகவே குஞ்சுக்குத் தாய் தந்தையிடம் பாடம் கேட்க வழியில்லை. அஞ்சலில் வரும் பாடத்தை நள்ளிரவில் தனியே பிரித்துப் படிக்கும் நமக்கு இதைவிட நெருக்கமான பாடம் எது?

ஒருவர் எழுதி அடுத்தவருக்கு அனுப்பும் நம் சுற்றுக் குறிப்பேட்டில், இரவுப் பணி பார்க்கும் உறுப்பினர் ஒருவர், ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, யாவோ மக்களின் அந்தக் குரலைத் தமிழ் எழுத்தில் பிடிக்க முயன்றிருக்கிறார். பென்சிலில் மூன்று வரிகள். முதல் இரண்டும் அடிக்கப்பட்டுள்ளன. மூன்றாவதில் ‘பிர்ர்ர்ர்’ என்று தொடங்கிய ‘ர்’ வரிசை தாளின் ஓரம் வரை ஓடி, ‘ஹ்ம்’ என்று மடிந்து கீழே இறங்குகிறது. அடுத்தவர் நீல மையில், “நானும் கேட்டேன், நீங்கள் எழுதியது சரி” என்று எழுதியிருக்கிறார். இருவரும் இதுவரை நேரில் சந்தித்ததில்லை.

இரண்டாம் பாடம் பிரேசிலின் லகுனா கடற்கழி. அங்கு 140 ஆண்டுகளுக்கும் மேலாக ஓங்கில்கள் (டால்பின்கள்) மடவை மீன் கூட்டத்தைக் கரைப்பக்கம் விரட்டி வருகின்றன. அவை சைகை காட்டும் நொடியில் மீனவர் வீச்சுவலையை எறிகிறார். சிதறும் மீன் ஓங்கிலுக்கும் கிடைக்கிறது. சைகை வந்தும் வலை விழாவிட்டால் இருவருக்குமே நட்டம்.

இந்தப் பாடம் பற்றிய குறிப்பேட்டுப் பக்கங்களைப் பாதிப் பேர் பார்க்கவே இல்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். குறிப்பேட்டைப் பத்து நாளில் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும் என்பது நாமே கூடிச் செய்த தீர்மானம். ஓர் உறுப்பினரிடம் அது நான்கு மாதம் தங்கியது. மூன்று நினைவூட்டல் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. வரிசையில் காத்திருந்தவர்கள் என்னிடம்தான் கேட்டார்கள்.

வரவு செலவு விவரம் பொருளாளரின் கணக்கில் உள்ளது. அச்சுக்கும் அஞ்சலுக்குமே பெரும்பகுதி செலவானது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. ஏறத்தாழப் பாதி உறுப்பினர்களின் சந்தா நிலுவையில் நிற்கிறது. அவர்களில் சிலர் இரண்டாண்டாகக் கூட்டத்துக்கும் வரவில்லை. பாடம் மட்டும் தவறாமல் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

தலைவருக்கும் பொருளாளருக்கும் தணிக்கையாளருக்கும் தொடர்பு வகுப்புக்கு இடம் தந்தவர்களுக்கும் நன்றி.

மூன்றாம் பாடம் வங்கதேசத்தில் பழக்கிய நீர்நாய்களைக் கொண்டு மீன்பிடிப்போரைப் பற்றியது. எழுதி முடித்துவிட்டேன், அச்சுக்குக் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டும் இந்தப் பொறுப்பில் நான் இருப்பேனா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். குறிப்பேட்டில் இன்னும் பதினோரு பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. அது இப்போது என் மேசையில் இருக்கிறது. நிலுவைச் சந்தாவோடு முகவரியையும் எழுதி அனுப்புவோருக்கு, வந்த வரிசையிலேயே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்