அத்தையால் ஏற முடியாத பேருந்து

நிலப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கும், தேசிய நிலப் போக்குவரத்து ஆணையத்தாருக்கும், மொரிசியஸில் பேருந்து ஓட்டும் எல்லா நிறுவனத்தாருக்கும்

வணக்கம்.

நான் சேன் பியேரில் குடியிருக்கும் தமிழாசிரியை. இதே விஷயத்தைப் பிரெஞ்சில் எழுதி உங்கள் அலுவலகங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழிலும் எழுதுவது, நம் கோவில் சங்கத்தாரும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காக. அவர்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அத்தையை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவருக்கு 74 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பேருந்து வந்தது, நின்றது. ஆனால் நடைபாதையை ஒட்டி நிற்கவில்லை, ஒரு கை நீளம் தள்ளி நின்றது. இடையில் மழைநீர்க் கால்வாய். அத்தை கால்வாயைத் தாண்டிச் சாலையில் இறங்கி, கையிலிருந்த தாழையோலைக் கூடையை முதல் படியில் வைத்தார். கைப்பிடிக் கம்பி கதவுக்கு உள்ளே இருக்கிறது, அவருக்கு எட்டவில்லை. குனிந்து படியின் விளிம்பிலேயே உள்ளங்கையை ஊன்றினார். வலது முழங்காலைத் தூக்கிப் படியின் மேல் வைத்தார். நடக்கப் பழகாத குழந்தை திண்ணையில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், அப்படித்தான் ஏறினார். நான் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கிக்கொண்டேன். புடவைக் கொசுவத்தில் படியின் கிரீஸ் அப்பிக்கொண்டது. உள்ளேயிருந்து "அவான்ஸ், அவான்ஸ்" என்று கண்டக்டர் எல்லோரையும் உள்ளே தள்ளிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை மூன்றாவது படியில் கால் வைக்கும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பையன் சட்டென்று எழுந்து கையைப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார்.

வீடு திரும்பியதும், இனி மருந்தை நீயே வாங்கி வந்துவிடு, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டார். முப்பது வருஷம் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்த மனுஷி அவர். உடம்பு வலிக்காக அப்படிச் சொல்லவில்லை. இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க முழங்காலில் தவழ்ந்து ஏற வேண்டியிருந்ததே, அதற்காகச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, கடைசி நிலையத்தில் காலியாக நின்ற ஒரு வண்டியை ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டு அளந்து பார்த்தேன். வகுப்பறையில் வைத்திருக்கும் 30 சென்டிமீட்டர் அளவுகோலைத் தரையில் நிறுத்தினேன். முதல் படி அதற்கும் மேலே நான்கு விரற்கடை இருந்தது. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு வந்த விதிகளின்படி நகரப் பேருந்தின் முதல் படி தரையிலிருந்து 25 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

2005 செப்டம்பரில் முதியோர், மாணவர், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் பேருந்தில் இலவசப் பயணம் வந்தது. அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களைப் போன்ற குடும்பங்களுக்குத் தெரியும். மருத்துவமனைக்கும் சந்தைக்கும் காவடிக்கும் அத்தை யார் கையையும் எதிர்பார்க்காமல் போய்வந்தது அதனால்தான். அந்தத் திட்டத்தை யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அன்று 60 வயதைத் தொட்டவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். கட்டணம் அவர்களைத் தடுக்கவில்லை, படி தடுக்கிறது.

மெட்ரோவைப் பாருங்கள். 2020 தொடக்கத்தில் போர்ட் லூயிஸுக்கும் ரோஸ் ஹில்லுக்கும் இடையே ஓடத் தொடங்கியது, 2022இல் கியூர்பீப் வரை போனது, 2023இல் எங்கள் பக்கம் ரெதுய் வரை வந்தது. நடைமேடையும் வண்டியின் தளமும் ஒரே மட்டம். அத்தை கூடையோடு அப்படியே நடந்து ஏறுகிறார், கையைக்கூடப் பிடிக்க வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் வருபவரும் குழந்தை வண்டி தள்ளி வரும் தாயும் அதே கதவில்தான் ஏறுகிறார்கள். இது நம் நாட்டால் முடிகிற காரியம் என்று அங்கே தெரிகிறது. ஆனால் சேன் பியேரிலிருந்து ரெதுய்க்கு எப்படிப் போவது? பேருந்தில்தான்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னிடம் தமிழ் படித்த பையன் ஒருவனுக்குப் பார்வை மங்கல். பேருந்தின் நெற்றியில் இருக்கும் எண், வண்டி நின்ற பிறகும் அவனுக்குத் தெரியாது. அதனால் வருகிற எல்லா வண்டிக்கும் கை காட்டுகிறான், நின்றதும் எங்கே போகிறது என்று கேட்கிறான். தன் வண்டி இல்லையென்றால் திட்டு வாங்குகிறான். ஏறிய பிறகும் நிம்மதி கிடையாது. எந்த நிறுத்தம் வந்திருக்கிறது என்று யாரும் அறிவிப்பதில்லை. வேகத்தடைகளையும் திருப்பங்களையும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே போகிறான். ஒரு நாள் சாலை வேலைக்காக வண்டி சுற்றுவழியில் போனபோது எண்ணிக்கை தப்பி, தெரியாத ஊரில் இறங்கிவிட்டான். காது கேளாதவருக்கு இதே சிக்கல் வேறு விதமாக வரும்; அவருக்கு எழுத்தில் காட்ட வேண்டும்.

சக்கர நாற்காலிக்காரர் யாரும் பேருந்துக்கு வருவதில்லையே என்று ஒரு நிறுவனத்தில் என்னிடம் கேட்டார்கள். எப்படி வருவார்? எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். நிறுத்தம் வரை வந்து, வண்டி வந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதற்கா வருவார்?

செலவு, சாலையின் நிலை, மழை வெள்ளம் என்று நீங்கள் சொல்லக்கூடியது எனக்குத் தெரியும். இதே காரணங்களைச் சென்னையிலும் சொன்னார்கள். அங்கே மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். 2024 ஆகஸ்டு முதல் தாழ்தளப் பேருந்துகள் சென்னைச் சாலைகளில் ஓடுகின்றன. நிறுத்தத்தில் காற்றை வெளியேற்றிக் கதவுப் பக்கம் தாழ்ந்து நிற்கும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளப் பலகை விரியும். அவற்றைச் செய்தது அசோக் லேலண்ட். நம் சாலைகளில் பல வருஷமாக நாம் பார்க்கும் அதே பெயர். இந்தியாவின் நகரப் பேருந்து விதிகளில் தாழ்தள வண்டியின் தள உயரம், அதாவது தரையிலிருந்து உள்ளே நாம் நிற்கும் தளம் வரை, 400 மில்லிமீட்டர்; அரைத் தாழ்தள வண்டிக்கு 650. நம் நாட்டில் அரைத் தாழ்தள வண்டிகளைத்தான் நவீனம் என்கிறோம். அத்தையின் முழங்காலுக்கு அந்த 250 மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை மொரிசியஸ் 2010 ஜனவரியில் ஏற்றது. அப்போது 9ஆம் பிரிவில் இரண்டு துணைப் பிரிவுகளை மட்டும் செலவைக் காரணம் காட்டி விலக்கி வைத்தது. அவை பொதுக் கட்டடங்களில் பிரெயில் அறிவிப்பு வைப்பது, வழிகாட்டி, சைகைமொழி பெயர்ப்பாளர் போன்ற ஆட்களின் உதவியைத் தருவது ஆகியவை. அந்த விலக்கும் எனக்கு வருத்தம்தான். ஆனால் போக்குவரத்து அதே 9ஆம் பிரிவின் தொடக்கத்திலேயே வருகிறது, அதை யாரும் விலக்கி வைக்கவில்லை. பேருந்தைப் பொறுத்தவரை நாடு கொடுத்த வாக்கு அப்படியே நிற்கிறது.

இப்போது மின்சாரப் பேருந்துகள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஒரு வண்டி வாங்கினால் பல வருஷம் ஓடும். இன்று உயரமான படியோடு வாங்கினால், என் காலம் முடியும்வரை அந்தப் படி அங்கேயே இருக்கும். ஆகவே இனி வாங்கும் ஒவ்வொரு பேருந்துக்கும் தாழ்தளம், சாய்தளப் பலகை, பெரிய எழுத்தில் எண், நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் குரல், காட்டும் திரை எல்லாம் வாங்கும் நிபந்தனையிலேயே இருக்க வேண்டும். மானியமும் தடத்துக்கான உரிமமும் அந்த நிபந்தனையோடு சேர்ந்து வரட்டும்.

புது வண்டி வரும்வரை செய்ய வேண்டியதற்குப் பணமே தேவையில்லை. நடைபாதையை ஒட்டி நிறுத்துங்கள். முதியவர் உட்காரும்வரை வண்டியை எடுக்காதீர்கள். கை காட்டும் ஒருவருக்குப் பார்வை சரியில்லை என்று தெரிந்தால், கண்டக்டர் கதவில் நின்று ஊர்ப் பெயரைச் சொல்லட்டும். நேரத்துக்கு ஓட வேண்டிய நெருக்கடி ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும் உண்டு என்பதை நான் அறிவேன். அந்த அரை நிமிடத்தை அட்டவணையில் நிறுவனம்தான் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

இனி நம் சங்கத்தாருக்கு. 1998இல் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கியபோது நாம் ஒன்றாகத் தெருவில் இறங்கினோம், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். அந்தக் கூட்டத்தில் அத்தையும் இருந்தார். அன்று நமக்காக நடந்த கால்கள்தான் இன்று படியேற முடியாமல் நிற்கின்றன. அடுத்த தைப்பூசத்துக்குள் ஒவ்வொரு கோவில் சங்கமும் தன் ஊர் நிறுத்தத்தின் நிலையை எழுதி அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். மனுவின் வாசகத்தை எழுதித் தர நான் தயார்.

அமைச்சர் அவர்களே, அத்தையைச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறேன். அடுத்த பரிசோதனைக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். தேதியைப் பிரெஞ்சுக் கடிதத்தில் குறித்திருக்கிறேன். அன்று காலை ஏழு மணிக்கு நாங்கள் நிறுத்தத்தில் இருப்போம். உங்கள் துறையிலிருந்து யாராவது ஒருவர் வந்து எங்களோடு அதே வண்டியில் ஏற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அளவுகோலை நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
சேன் பியேர் தமிழாசிரியை ஒருவர்