தாத்தா சொல்லிக் கொடுத்த செஸ் தப்பில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக் கொடுக்கிறேன், பக்கத்து ஊர்களில் சின்னப் போட்டிகள் நடந்தால் ஆர்பிட்டராகவும் (நடுவராகவும்) போய் நிற்பேன். குகேஷ் உலக சாம்பியன் ஆன பிறகு பத்திரிகைகளில் செஸ் செய்திகள் நிறைய வருகின்றன, ரொம்ப சந்தோஷம். ஆனால் யார் ஜெயித்தார், எத்தனை புள்ளி என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஆட்டத்தின் விதிகளைப் பற்றி ஒரு வரி கூட வருவதில்லை. அது எவ்வளவு தேவை என்று போன மாதம் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டி. ஒரு பையன் தன் சிப்பாயை முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் தள்ளினான். அது போய் நின்ற இடத்துக்குப் பக்கத்துக் கட்டத்திலேயே எதிரே இருந்த சிறுமியின் சிப்பாய் நின்றது. அவள் தன் சிப்பாயை சாய்வாக ஒரு கட்டம் முன்னே வைத்து, அவன் சிப்பாயை எடுத்து வெளியே வைத்துவிட்டு கிளாக்கை அமுக்கினாள். பையன் கையைத் தூக்கிவிட்டான். "சார், இவ ஏமாத்துறா." நான் போய், இதற்கு ஆன் பாசான் என்று பெயர், இரண்டு கட்டம் தாண்டி வரும் சிப்பாயை அது ஒரு கட்டம் மட்டும் வந்ததாக நினைத்து வெட்டலாம், ஆனால் உடனே அடுத்த நகர்த்தலிலேயே வெட்ட வேண்டும், விட்டால் போச்சு என்று மெதுவாகச் சொன்னேன். அவன் பேசவில்லை, கண்ணீர் சொட்டி பலகை மேல் விழுந்தது. அப்புறம் அவன் ஆடிய ஒரு நகர்த்தலும் சரியாக இல்லை.

வெளியே அவன் தாத்தா காத்திருந்தார். "எங்க காலத்துல சிப்பாய் ஒரு கட்டம்தான் போகும் சார், இதெல்லாம் யார் கொண்டு வந்தது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, பேரனுக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டோமோ என்ற தவிப்பில் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல நினைக்கிறேன்.

அவர் சொல்லிக் கொடுத்தது தப்பில்லை, அது வேறொரு ஆட்டம். நம் நாட்டில் பரவலாக ஆடிய பழைய சதுரங்கத்தில் சிப்பாய்க்கு இரண்டு கட்டப் பாய்ச்சல் கிடையாது, அதனால் ஆன் பாசானுக்கும் வேலை இல்லை. ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுகிற கேஸ்லிங் இல்லை, அதற்குப் பதில் ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாவலாம். கடைசிக் கட்டத்தை எட்டிய சிப்பாய், அந்த நெடு வரிசையில் ஆரம்பத்தில் எந்தக் காய் நின்றதோ அதுவாக மாறும். இந்த ஆட்டம் பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் அங்கே மாறியது. 1400களின் கடைசியில்தான் ராணிக்கு இன்றைய பலம் வந்தது, ஆரம்பத்தில் அது ராணியே இல்லை, மந்திரி. சாய்வாக ஒரே ஒரு கட்டம் நகரும். சிப்பாய்க்கு இரண்டு கட்டம் கொடுத்ததும், எதிரி சிப்பாயின் அடியில் சிக்காமல் நழுவிப் போக வழி கிடைத்துவிட்டது, அதை அடைக்க வந்ததுதான் ஆன் பாசான். இப்படிக் காரணத்தோடு சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் மறக்காது.

பழைய முறையில் கற்றவர் மேலே வர முடியாது என்றும் இல்லை. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் சிறு வயதில் அப்பாவிடம் இந்திய விதிகளில்தான் ஆடக் கற்றார். 1929-இல் இங்கிலாந்துக்குப் போய் அதே வருடம் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார், பிறகு 1932, 1933-லும் ஜெயித்தார், நடுவில் முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவையே தோற்கடித்தார். அவர் இறந்து பல வருடம் கழித்து, 2024-இல் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. புது விதிகளை அவருக்கு யாரோ உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? நம் பிள்ளைகளுக்கு அதைத்தான் கேட்கிறேன்.

இன்னொன்று. சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனால் வெட்டுப்பட்ட காயைத்தான் திரும்பப் பெறலாம் என்று பாதிப் பெற்றோர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, பலகையில் ராணி இருக்கும்போதே இரண்டாவது ராணி கேட்கலாம். ராணி கைக்குக் கிடைக்காவிட்டால் யானையைத் தலைகீழாக வைக்கிற பழக்கம் வீடுகளில் உண்டு, போட்டியில் அது யானைதான். 2017 கனடா சாம்பியன்ஷிப்பை முடிவு செய்த ஆட்டத்தில் நிகோலாய் நோரிட்சின் இப்படித்தான் அவசரத்தில் யானையைக் கவிழ்த்து வைத்தார். அவருக்கு வேண்டிய ராணி எதிராளியின் கையில் இருந்தது, அது அவர் கண்ணில் படவில்லை. ஆர்பிட்டர் அது யானை என்று சொல்லிவிட்டார், ஆட்டமும் பட்டமும் போயின. கிளாக்கை நிறுத்தி ஆர்பிட்டரிடம் ராணி கேட்க ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு, இது ஒன்று தெரிந்திருந்தாலே போதும்.

தனி ராஜாவை 16 நகர்த்தலுக்குள் மடக்காவிட்டால் டிரா என்று எண்ணிக்கொண்டு நிற்கும் அப்பாக்களையும் பார்த்திருக்கிறேன். விதி 50 நகர்த்தல், அதுவும் இரு பக்கமும் ஒரு சிப்பாய் கூட நகராமல், ஒரு காயும் வெட்டுப்படாமல் போனால். கேஸ்லிங் செய்யும்போது ராஜாவை முதலில் தொட வேண்டும், ஒரே கையால் செய்ய வேண்டும். யானைக்கு அடி இருந்தால் பரவாயில்லை, ராஜா செக்கில் இருக்கக் கூடாது, செக் விழும் கட்டத்தைத் தாண்டவும் கூடாது.

பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்பது "எந்த ஓப்பனிங் சார் சொல்லித் தர்றீங்க?" என்பதுதான். செல்போனைப் பார்த்து இருபது நகர்த்தல் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, ராஜாவும் ஒரு சிப்பாயும் மட்டும் மிஞ்சினால் என்ன செய்வது என்று தெரிவதில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம், அவ்வளவுதான், டிராவில் முடியும் என்றே எல்லோரும் நினைத்தோம். 55-வது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் டிங் லிரென் யானைக்கு யானை மாற்றிக்கொள்ள வழி விட்டார். அவருடைய பிஷப் (சாய்வாக ஓடும் காய்) மூலையில் மாட்டியிருந்ததை குகேஷ் பார்த்துவிட்டார், யானை போன கையோடு பிஷப்பும் மாறியது. மிச்சம் ராஜாக்களும், இரண்டுக்கு ஒன்று சிப்பாயும். மூன்றே நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகப் பட்டத்தை முடிவு செய்தது, நான் என் வகுப்பில் முதல் மாதமே சொல்லித் தருகிற ராஜா-சிப்பாய் ஆட்டம்.

எனவே வாரம் ஒரு நாள், சிறுவர் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்குங்கள். ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு பலகைப் படம் போதும். முதல் வாரம் ஆன் பாசான் வரட்டும், அந்தத் தாத்தாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். படம் போடும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: ஆடுபவரின் வலது கைப் பக்கக் கடைசிக் கட்டம் வெள்ளையாக இருக்க வேண்டும். விளம்பரங்களிலும் சுவர்ப் படங்களிலும் இது பெரும்பாலும் மாறியே இருக்கிறது, பிள்ளைகள் அதைப் பார்த்து அப்படியே பலகையைத் திருப்பி வைக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு செஸ் பயிற்சியாளர்,
திருவாரூர் மாவட்டம்.