சின்னவனுக்கு அப்பா எழுதுவது

குடியாத்தம்,
சித்திரை 12

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. அக்கா பிள்ளைகள் லீவுக்கு வந்திருக்கிறார்கள். தெற்குச் சுவர் பூசி முடிந்தது. போன் போட்டால் சுவிட்ச் ஆஃப் என்று வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன். மார்கழியில் திருமுடிவாக்கம் தியான மையத்தில் பத்து நாள் பேசாமல் இருந்தாய். அது அங்கே விதி, போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் போனாய். இப்போது மூன்று வாரமாகப் பேசவில்லையே, இது எந்த விதி?

கோபத்தில் எழுதவில்லை. ராத்திரி சாப்பிடுகிறாயா? அதைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன்.

பொங்கலுக்கு வந்தபோது மதியத்துக்கு அப்புறம் எதுவும் வேண்டாம் என்றாய். அம்மா வயிறு சரியில்லை என்று நினைத்து ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். நீ அலமாரியில் விட்டுப்போன புத்தர் புத்தகத்தை நான் படித்துவிட்டேன். உச்சிக்கு மேல் உண்ணாமல் இருப்பது பிக்குகளுக்கு உள்ள விதி. வீட்டில் இருப்பவனுக்கு அன்றாடம் ஐந்து சீலம், அந்த ஐந்து ஒழுக்கம்தான், அதில் சோற்றைப் பற்றி ஒன்றும் இல்லை. புத்தரே ஆறு வருஷம் உடம்பை வருத்தி, எலும்பும் தோலுமாகி, இது வழியில்லை என்று சுஜாதை கொடுத்த பால்சோற்றை வாங்கிச் சாப்பிட்டார். கூட இருந்த ஐந்து பேரும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் சாப்பிட்டார். அதற்கப்புறம்தான் கயையில் அரசமரத்தடி. நீயும் சாப்பிடு.

நீ தியானத்தில் உட்காருவதை நான் குறை சொல்லவில்லை. பொங்கலுக்கு மறுநாள், விடியப் போகிற நேரத்தில் மாடிக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. போர்வையைத் தோளில் போட்டு உட்கார்ந்திருந்தாய். இடது கண்ணுக்குக் கீழே ஒரு கொசு. அதன் வயிறு உப்பிக் கறுக்கும் வரை அது குடித்தது. நீ அசையவில்லை. நாலாம் நாளுக்கு மேல் ஒரு மணி நேரம் கண், கை, கால் எதையும் அசைக்காமல் உட்காரச் சொல்வார்கள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. முடிவெட்ட உட்கார வைத்தால் நாலு பேர் பிடிக்க வேண்டிய பிள்ளை நீ. அன்றைக்கே டீக்கடையில் எல்லாரிடமும் சொன்னேன், என் மகன் மலை மாதிரி உட்காருகிறான் என்று. ஆனால் கொசுவை விரட்ட எடுத்த துண்டு என் கையிலேயே இருந்தது. உன்னைத் தொடப் பயமாக இருந்தது.

கோலார் தங்கவயலில் இருந்து வந்த பெரியவரிடம் உன் விஷயத்தைச் சொன்னேன். அவர் பூரித்துப் போனார். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினாராம். தங்கவயல் மாரிக்குப்பத்திலும் அதற்குக் கிளை இருந்திருக்கிறது. நம் வடாற்காட்டில் இருந்து சுரங்க வேலைக்குப் போன சனம் பெண்டாட்டி பிள்ளைகளோடு பஞ்சசீலம் சொல்லியிருக்கிறது. அதற்காக யாரும் வீட்டை விட வேண்டி இருக்கவில்லை. இதை நீ யோசித்துப் பார்.

வரும் ஆவணியில் உனக்கு 29. புத்தர் அரண்மனையை விட்டுப் போனதும் 29இல்தான் என்று அந்தப் புத்தகத்தில் படித்ததில் இருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவர் மகன் ராகுலன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அவனையும் பிக்கு சங்கத்தில் சேர்த்தபோது, புத்தரின் அப்பா, கிழவர் சுத்தோதனர் போய் நின்று சொல்கிறார், பிள்ளைப் பாசம் தோலை அறுக்கிறது, சதையை அறுக்கிறது, எலும்பை அறுத்து மஜ்ஜை வரை போகிறது என்று. இனிமேல் தாய் தகப்பன் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சேர்க்காதீர்கள் என்று கேட்கிறார். புத்தரும் சரி என்று அதை விதியாகவே வைத்துவிட்டார். அந்தப் பக்கத்தை நீயும் படித்திருப்பாய்.

தூக்கம் வராத ஒரு விடிகாலை, நீ சொல்லிக் கொடுத்தபடி நானும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே, மூச்சு படுகிற இடம் மட்டும். மனசு ஓடினால் திட்டாமல் கூட்டிக்கொண்டு வா என்றாய். இழை அறுந்தால் பிணைத்துவிட்டு ஓட்டுவதுதானே, நாற்பது வருஷமாகச் செய்கிற வேலை என்று நினைத்தேன். பத்து மூச்சு தாண்டவில்லை. ராட்டை சத்தம் கேட்டது.

உனக்கு ஆறு வயசு. அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். இந்தத் தாரைச் சுற்றி முடி, அப்பா வந்துவிடுகிறேன் என்று உன்னை ராட்டை முன்னால் உட்கார வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினேன். கிரிவலம் போனதாக ஊரில் பேச்சு. திரும்பி வந்து நானும் அப்படியே சொன்னேன். சாமியைத் தேடிப் போகவில்லை கண்ணு. முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்குப் பயந்து ஓடினேன். மூன்று மாசம், அந்த 14 கி.மீ. பாதையில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றேன். காவி வேட்டி கூடக் கட்டினேன். அது அம்மாவுக்குத் தெரியாது. விளக்கு வைக்கும் வரை நீ சுற்றினாயாம். நூல் தீர்ந்தும் வெறும் ராட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தாய் என்று அக்கா பிற்பாடு சொன்னாள். நான் அதை உன்னிடம் பேசவே இல்லை. நீயும் கேட்கவில்லை. பேசாமல் இருப்பதை நீ என்னிடம்தான் கற்றுக்கொண்டாய்.

நீ எங்கே போவதானாலும் கேட்டுவிட்டுப் போ. என்னிடம் கேட்காவிட்டாலும் அம்மாவிடம் கேள்.

வைகாசி 1 கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. முந்தின நாளே வண்டி ஏறிவிடு. மாடியில் நாலு கம்பி நட்டுக் கொசுவலை கட்டியிருக்கிறேன். உட்கார்ந்து பார்த்தேன், தலை இடிக்கவில்லை. ராத்திரிக்கு இரண்டு இட்லியாவது சாப்பிடு.

அப்பா