வினைச்சொல் வந்து சேரும் இடம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண்ணாடியை மாற்றிக்கொண்டு நான் முழுதாகப் படித்த முதல் கடிதம் அதுதான். மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை நீ ஏற்றிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் பாடத்திட்டத்தில் உள்ள, படிப்பவரை இணங்கவைக்கும் எழுத்து உத்திகளின் பட்டியலைப் பார்த்துவிட்டு, 'இவற்றைச் சொல்லிக்கொடுப்பது ஏமாற்றக் கற்றுக்கொடுப்பது ஆகாதா' என்று நீ கேட்டிருந்ததைப் பல நாள் யோசித்தேன். மூன்று மாதங்களாக ஆங்கில உரைகள் சிலவற்றைத் தமிழாக்கி வருகிறேன்; என் பதிலும் அந்த வேலையிலிருந்தே வருகிறது.

சொல்பவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம் என்று அரிஸ்டாட்டில் பிரித்துக் காட்டிய மூன்றையும் மாணவர்கள் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். உவமையும் உருவகமும் அவர்களுக்குத் தமிழிலேயே பழக்கம். மொழிபெயர்க்க உட்கார்ந்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது: ஆங்கில எழுத்து நம்மை அசைக்கும் ஆற்றலில் பெரும்பகுதி சொல்வரிசையில் இருக்கிறது, அந்த வரிசையோ நம்முடையதற்கு ஏறத்தாழத் தலைகீழானது.

1940 ஜூன் 4 அன்று சர்ச்சில் பிரிட்டிஷ் மக்களவையில் ஆற்றிய உரையை எடுத்துக்கொள். ஜெர்மானியப் படை சூழ்ந்திருந்த பிரான்சின் டன்கர்க் கரையிலிருந்து 3,38,000க்கும் மேற்பட்ட வீரர்கள் மீட்கப்பட்டிருந்தனர். மீட்பை வெற்றி என்று எண்ணிவிடக் கூடாது என்று அவரே அந்த உரையில் எச்சரித்தார். உரையின் இறுதியில் 'நாம் போரிடுவோம்' என்ற தொடர் கூற்றுக்குக் கூற்று முதலில் வந்து நிற்க, இடங்கள் அதன் பின்னால் வருகின்றன: பிரான்ஸ், கடல், வான், கடற்கரை, வயல், தெரு, மலை. எதிரி உள்ளே நுழைய நுழையப் போர்க்களம் பின்வாங்கிக்கொண்டே போகிறது, உறுதி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தமிழில் எழுதினால், 'கடற்கரைகளில் போரிடுவோம், வயல்களிலும் தெருக்களிலும் போரிடுவோம்' என்று இடம் முன்னே போய், உறுதி பின்னால் வருகிறது. மோனை போல முதலில் நின்றது இயைபு போல இறுதிக்குப் போய்விட்டது. இழப்பு என்று இதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேறொரு வாக்கியம் அது.

லிங்கனிடம் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. 1863 நவம்பர் 19 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போர்க்களமான கெட்டிஸ்பர்க்கில், புகழ்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசிய பிறகு, சுமார் 270 சொற்களில் அவர் முடித்த உரையின் கடைசி வரியில் 'மக்கள்' என்னும் சொல் மூன்று முறையும் தொடரின் இறுதியில் விழுகிறது. மாறுவது முன்னால் உள்ள சின்னஞ்சிறு இடைச்சொல் மட்டுமே. நம் வேற்றுமை உருபுகளோ பெயருக்குப் பின்னால் ஒட்டுபவை. ஆகவே 'மக்களுடைய, மக்களால், மக்களுக்காக' என்று எழுதும்போது மக்கள் முன்னால் வந்துவிடுகிறார்கள். எனக்கு இந்தத் தமிழ் வடிவம் உண்மையாகவே பிடித்திருக்கிறது.

என்னை இன்றுவரை தோற்கடித்துக்கொண்டிருப்பது மார்ட்டின் லூதர் கிங் 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதம். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி 'அவசரப்படாதீர்கள்' என்ற பொருளில் அறிக்கை விட்ட எட்டு வெள்ளை மதகுருமார்களுக்கு அவர் எழுதிய பதில் அது. அதில் முந்நூறு சொற்களைத் தாண்டும் ஒரே வாக்கியம் இருக்கிறது. கும்பல் கொலைகளைக் கண்டிருக்கும்போது, கேளிக்கைப் பூங்காவுக்குத் தன்னால் ஏன் போக முடியாது என்று கேட்கும் ஆறு வயது மகளிடம் பதில் சொல்ல நாத் தடுமாறும்போது, எந்த விடுதியும் இடம் தராததால் இரவெல்லாம் காருக்குள் உறங்க நேரும்போது என்று துணைத்தொடர்கள் அடுக்கிக்கொண்டே போகின்றன. எழுவாயையும் பயனிலையையும் சீக்கிரமே பெற்றுப் பழகிய ஆங்கில வாசகர் மூச்சுமுட்டக் காத்திருக்கிறார். கடைசியில்தான், காத்திருப்பது எங்களுக்கு ஏன் கடினமாக இருக்கிறது என்பது அப்போது உங்களுக்குப் புரியும் என்ற முதன்மைத் தொடர் வருகிறது. காத்திருப்பின் கொடுமையைப் பற்றிச் சொல்லும் வாக்கியம், படிப்பவரையே காத்திருக்க வைத்துவிட்டது.

இதைத் தமிழாக்கி உரக்கப் படித்துப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை, வலியும் இல்லை. வினைமுற்றுக்காகக் காத்திருப்பதே நம் காதுக்கு இயல்பாகிவிட்டதால், ஆங்கிலத்தில் தாங்க முடியாததாக இருந்த தாமதம் தமிழில் வெறும் நீண்ட வாக்கியமாக நின்றுவிட்டது.

உன் கேள்விக்கு இங்கேதான் எனக்கு விடை கிடைத்தது. கிங்கின் உத்தி எதையும் மறைக்கவில்லை. அவர் காட்டிய ஒவ்வொரு காட்சியும் தனியாக எடுத்துச் சோதிக்கக் கூடியது. வாசகர் தன் மூச்சிலேயே அவற்றை உணரும்படி வாக்கியம் அமைந்திருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு எதிரானதை மாணவர்களுக்குக் காட்ட விரும்பினால், 1987 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரீகன், ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தில், கடுமையான தவறுகள் செய்யப்பட்டன என்று சொன்னதைக் காட்டு. செயப்பாட்டுவினையில் செய்தவர் காணாமல் போய்விடுகிறார். உன் பட்டியலில் இது அணியாக இடம்பெற்றிருக்காது, ஆனால் எச்சரிக்கையோடு கற்க வேண்டியது இதுதான் என்பேன். தமிழில் இதற்குச் செயப்பாட்டுவினைகூடத் தேவையில்லை. 'உடைத்தேன்' என்பதை 'உடைந்துவிட்டது' என்று தன்வினையாக்கினாலே ஆள் தப்பித்துவிடுவார். ஆகவே ஒவ்வோர் உத்தியிடமும் 'நீ எதைக் காட்டுகிறாய், யாரை மறைக்கிறாய்' என்று கேட்கப் பழக்கு. அந்தக் கேள்வி கைவந்த மாணவருக்கு நீ எந்த உத்தியையும் தயங்காமல் கற்பிக்கலாம்.

கிங்கின் அந்த வாக்கியத்தை இருவிதமாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்று மூலத்தைப் போலவே ஒரே வாக்கியம். மற்றொன்றில் ஒவ்வொரு காட்சியையும் குறுவாக்கியமாக முடித்து, ஒவ்வொன்றின் பின்னும் 'காத்திருங்கள் என்கிறீர்கள்' என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவதில் வலி திரும்பி வந்ததாக எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அவர் எழுதாத ஒரு தொடரை அவர் வாயில் வைத்துவிட்டேனோ என்ற உறுத்தலும் இருக்கிறது. இரண்டையும் உரக்கப் படித்துப் பார்த்து, எதை வைத்துக்கொள்ளலாம் என்று எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்