தாத்தாவின் நோட்டீஸ் கட்டுகள்

அன்புள்ள தம்பி,

போன வாரம் போனில், "தாத்தா பெட்டியில இருக்கிற காகிதம் எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டுப் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டா என்னம்மா?" என்று கேட்டாய். எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் அத்தனை பேரும் கேட்கிற கேள்விதான். ஆனால் போனில் பதில் சொல்லத் தொடங்கினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

தாத்தாவை ஆர்மோனியக்காரராக மட்டும்தான் உனக்குத் தெரியும். அவர் விட்டுப்போன தகரப் பெட்டிகளில் நாடக நோட்டீஸ், இன்லேண்டு கடிதம், போஸ்ட் கார்டு, மணியார்டர் ரசீது, தேதி எழுதின டைரிகள், யார் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளோ எல்லாம் கலந்து கிடக்கின்றன. பார்த்தால் குப்பை மாதிரிதான் இருக்கும். அது ஏன் குப்பை இல்லை என்று சொல்ல வேண்டுமானால் அவர் வாசித்த ஸ்பெஷல் நாடகம் எப்படி நடந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கம்பெனி நாடகம் என்றால் முதலாளி, வாத்தியார், கணக்குப்பிள்ளை என்று ஆட்கள் இருந்தார்கள். அதனால் ஏதாவது மிஞ்சும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைப் பற்றி இன்றைக்கும் பேச முடிகிறது என்றால், அது ஒரு சபையாக இருந்தது, அங்கே வளர்ந்த பையன்கள் பிற்பாடு பெரிய நடிகர்களாகி நினைவுகளை எழுதி வைத்தார்கள். ஸ்பெஷல் நாடகத்துக்கு அந்த வசதி இல்லை. கதாநாயகனாக நடிக்கிற ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், கதாநாயகியாக நடிக்கிற ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து, கோமாளியான பபூன் திண்டுக்கல்லிலிருந்து. ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்துத் தேதி வாங்கியிருப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேடையேறி விடியவிடிய வள்ளி திருமணம் நடத்திவிட்டு, காலையில் ஆளுக்கொரு பஸ். அந்த ஆட்கள் அப்படியே இன்னொரு தரம் சேர்வார்களா என்பது சந்தேகம். அந்த ஒரு ராத்திரி அவர்கள் ஒன்றாக மேடையில் நிற்க இருந்தார்கள் என்பதற்கு அச்சில் இருக்கிற சான்று அந்த நோட்டீஸ் ஒன்றுதான். கம்பெனி இல்லாத கலைக்குக் கம்பெனிக் கணக்கு எங்கே இருக்கும்? இப்படி நடிகர்கள், பின்பாட்டுக்காரர்கள் வீட்டுப் பெட்டிகளில்தான் இருக்கும்.

இப்போது போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். உன் சித்தி மகள் ஆர்வமாக வந்து கொஞ்சம் நோட்டீஸை போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். எல்லாம் முன்பக்கம் மட்டும். தாத்தா எழுதினதெல்லாம் பின்பக்கம்! வாங்கின தொகை, பாக்கி, எந்த ஊரில் சாப்பாடு போட்டார்கள், எந்த ஊரில் போடவில்லை. ஒன்றில், "வள்ளி வரலை. வேற ஆள். நல்லா செஞ்சுச்சு" என்று பென்சிலில் இருக்கிறது. அச்சில் பெரிய எழுத்தில் பெயர் போட்ட நடிகை அன்றைக்கு வரவே இல்லை. நல்லா செய்த அந்தப் பெண்ணின் பெயர் தாத்தாவுக்கே தெரியவில்லை போலிருக்கிறது. ஆனால் அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதாவது தெரிகிறது. முன்பக்கத்தை மட்டும் நம்பி யாராவது ஆராய்ச்சி எழுதினால் அவள் இல்லாமலே போயிருப்பாள்.

கட்டுகளைப் பிரிக்காதே என்று எல்லோரிடமும் கத்துவதற்கும் காரணம் உண்டு. தாத்தா வருஷவாரியாக அடுக்கவில்லை, ஆள்வாரியாகவும் அடுக்கவில்லை. ஊர்வாரியாகக் கட்டியிருக்கிறார். ஒரு ஊர்த் திருவிழா நோட்டீஸோடு அந்த ஊர் அமைப்பாளர் போட்ட கார்டு, அங்கிருந்து வந்த மணியார்டர் ரசீது, சமயத்தில் அந்த ஊர்க்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. அடுத்த வருஷம் அதே ஊர் கூப்பிட்டால் போன வருஷம் என்ன நாடகம், என்ன சம்பளம் என்று பார்க்க அவருக்கு அது வசதி. கடிதங்களைத் தனியே, நோட்டீஸைத் தனியே என்று அழகாகப் பிரித்து வைத்தால், ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பது போய்விடும். ஆவணக் காப்பகங்களில் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள்: சேர்த்தவர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அதைக் கலைக்கக் கூடாது. கல்யாணப் பத்திரிகை எதற்கு என்று நீ கேட்டாயே, அதற்கும் இதுதான் பதில்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த வேலை தேதி கண்டுபிடிப்பது. உனக்கும் பிடிக்கும், துப்பறியும் வேலை. திருவிழா நோட்டீஸில் பாதிக்கு மேல் ஆங்கிலத் தேதியே இருக்காது. "நந்தன வருஷம் பங்குனி மாதம்" என்று இருக்கும். நந்தன அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வரும். 1952 ஏப்ரலில் தொடங்கியது ஒன்று, 2012-இல் தொடங்கியது இன்னொன்று. காகிதத்தைத் தொட்டாலே எது என்று தெரிந்துவிடும். பங்குனி கடைசி மாதம் ஆகையால் 1953 மார்ச், ஏப்ரல் என்று ஆகிறது. கிழமையும் போட்டிருந்தால் பஞ்சாங்கத்தில் சரிபார்க்கலாம். வருஷப் பெயரும் இல்லாவிட்டால் வேறு தடயம் தேட வேண்டும். டிக்கெட் நாடகம் என்றால் கட்டணத்தைப் பார். அணா என்றிருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன்பு. நயா பைசா என்றிருந்தால் அதற்கும் 1964-க்கும் நடுவில். முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முன்னால் போக முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் என்று இருந்தால் 1974-க்குப் பிறகு.

எழுத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தும்பிக்கை போட்ட பழைய லை, னை இருந்தால் 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தியது என்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. சின்ன அச்சகத்தில் பழைய ஈய எழுத்து கையில் இருக்கும்வரை அதைத்தான் கோத்திருப்பார்கள், அரசாணைக்காக யார் புது எழுத்து வாங்குவார்கள்? புது எழுத்தை வைத்தும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பெரியார் 1935-லேயே தன் பத்திரிகையில் சீர்திருத்த எழுத்தைப் போட ஆரம்பித்துவிட்டார். நடிகர் படத்தை வைத்து வயதைக் கணிப்பதும் ஆபத்து. படத்தை அச்சடிக்க பிளாக் என்கிற அச்சுக்கட்டை எடுக்கச் செலவு ஆகும் என்பதால் ஒரே பிளாக்கை வருஷக்கணக்காக ஓட்டினார்கள். ராஜபார்ட்டுக்குத் தலை நரைத்த பிறகும் நோட்டீஸில் இளவட்டமாகவே சிரித்துக்கொண்டிருப்பார்.

நோட்டீஸின் அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் பொடி எழுத்தில் இருக்கும். அச்சடித்தவர் பெயரும் இடமும் போட வேண்டும் என்று 1867-ஆம் வருஷத்துச் சட்டம் அப்போது சொன்னது. வெள்ளைக்காரன் கண்காணிக்கப் போட்ட சட்டம் இப்போது நமக்கு உபயோகமாகிறது. இதில் இன்னொரு வேடிக்கை, சுதந்திரப் போராட்ட காலத்தில் அரசாங்கம் தடை செய்து பறித்த பாட்டுப் புத்தகங்கள், துண்டறிக்கைகள் பலவும் அரசாங்கத்தின் காப்பகங்களில்தான் பிழைத்திருக்கின்றன. மேடையில் தேசபக்திப் பாட்டுப் பாடி நாடக நடிகர் விஸ்வநாததாஸ் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போன காலம் அது. பயந்துபோய் வீட்டுக்காரர்கள் எரித்தது போக, பறித்தவன் பத்திரமாக வைத்திருந்தான்.

இந்த மாதிரித் துண்டுக் காகிதத்தை யார் மதிப்பார்கள் என்று கேட்டாய். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். சைன்போர்டு எழுதுகிற ஓவியர். பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், கடிதம் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-இல் அவர் போன பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-இல் சென்னையிலேயே அவர் பெயரில் நூலகமாக வைத்தார்கள். கடல் தாண்டிக் கொண்டுபோகவில்லை என்பதுதான் அதில் எனக்குப் பெரிய விஷயம். இன்றைக்குத் தமிழ் அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் அங்கே போகாமல் எழுத முடியாது.

பாதுகாக்கிற விஷயம் சுருக்கமாக. ஸ்டேப்ளர் பின், குண்டூசி எல்லாம் துருப்பிடித்துவிட்டன, மெதுவாக எடுத்துவிட்டேன். ரப்பர் பேண்டு உருகி ஒட்டிக்கொள்ளும், அதுவும் போச்சு. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது, பசை பழுப்பாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். மாமா லேமினேஷன் போடலாம் என்று கிளம்பினார், தடுத்துவிட்டேன். போட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. இப்போது அமிலம் இல்லாத காகித உறையில் வைத்து, கட்டு எண்ணைப் பென்சிலால் எழுதுகிறேன். ராமபாணப் பூச்சிக்குப் பெட்டியைச் சுவரோரம் இல்லாமல் பலகைமேல் வைத்திருக்கிறேன்.

கடிதங்கள் வேறு கதை. நோட்டீஸ் ஊருக்காக அச்சடித்தது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடிதம், தாத்தா ஒருவர் மட்டும் படிப்பதற்காக மற்றவர்கள் எழுதியது. கடன் கேட்டிருக்கிறார்கள், பிள்ளை பள்ளிக்கூடம் போகாததைச் சொல்லி அழுதிருக்கிறார்கள், புருஷன் அடித்ததை எழுதியிருக்கிறார்கள். மேடையில் ஆடின பெண்களை ஊர் என்ன பேச்சுப் பேசியது என்று உனக்குத் தெரியாது. அவர்களில் சிலருடைய மகள்கள் இன்றைக்கு வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கிறார்கள். அம்மா நாடகக்காரி என்பதையே சொல்லாமல் வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் இணையத்தில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. சட்டமும் அப்படித்தான்: காகிதம் நம்முடையது, அதிலிருக்கிற வாசகத்தின் பதிப்புரிமை எழுதினவருடையது, அவருக்குப் பின் வாரிசுக்கு. சட்டம் சொல்லாத இடத்திலும் நான் கொஞ்சம் கறாராகவே இருக்கப் போகிறேன். நோட்டீஸ் திறந்திருக்கட்டும். கடிதம், எழுதினவரோ குடும்பமோ சரி என்றால்தான். அதற்காகக் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மூடி வைப்பது வேறு, அழிப்பது வேறு.

நடுவில் ஒரு வியாபாரி வந்தார். படம் போட்ட கலர் போஸ்டர்களை மட்டும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். தொகையைக் கேட்டு உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கொடுக்கவில்லை. நாளைக்கு அது யார் வீட்டு ஹாலிலோ கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். எந்த ஊர்க் கட்டிலிருந்து உருவியது என்று யாருக்கும் தெரியாது.

ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசியம் வேண்டும். 1981-இல் யாழ்ப்பாணம் நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 புத்தகங்கள் போயின, சிலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. 2005-இல் நூலகம் என்று பெயர் வைத்து ஈழத்துத் தமிழ் எழுத்துகளை மின்வடிவில் சேர்க்கத் தொடங்கியவர்கள் அந்த வலியைத் தெரிந்தவர்கள். நம் வீட்டுக்குத் தீ வேண்டாம், கார்த்திகை மாதத்து ஒரு அடைமழை போதும்.

உன்னிடம் கேட்பது இதுதான். பொங்கலுக்கு வரும்போது ஒரு தட்டை ஸ்கேனர் வாங்கி வா, போன் கேமரா வேண்டாம். எழுத்துக்கு 300, படத்துக்கு 600 டிபிஐ, முதல் பிரதி டிஃப் வடிவில், இரண்டு பக்கமும். ஒரு எக்செல் தாள் போட்டுக் கொடு: கட்டு எண், ஊர், விழா, நாடகம், நடிகர் பெயர் அச்சில் உள்ளபடி, அச்சகம், தேதி. தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் கட்டாயம் வேண்டும், அச்சில் இருந்த தேதியா, நாமே ஊகித்ததா என்று எழுத. இப்போது இருக்கிற நடிகர்களின் போன் நம்பர் பிந்தைய நோட்டீஸ்களில் இருக்கிறது, வெளியே கொடுக்கிற பிரதியில் அதை மறைத்துவிடு. ஒரு பிரதி இங்கே, ஒன்று ஊரை விட்டு வெளியே உன்னிடம், இன்னொன்றை எங்கே வைப்பது என்று நீயே சொல்.

அப்புறம், தாத்தாவின் டைரிகளில் சில, பெரிய மாமா வீட்டு மச்சில் இருக்கின்றன. நான் கேட்டால் தேடுகிறேன் என்பார், தேடமாட்டார். நீ கூப்பிட்டால் தட்டமாட்டார். வருவதற்கு முன்பே ஒரு போன் போட்டுவிடு. அவர்கள் வீட்டில் மார்கழியில் வெள்ளையடிக்கப் போகிறார்களாம், அதற்குள் எடுத்துவிட வேண்டும்.

அன்புடன்,
அம்மா