64 வெற்றியைவிட 44 வெற்றி பெரிது

ஆசிரியருக்கு,

2025இல் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கின் சிறந்த பயிற்சியாளர் விருது கிளீவ்லாண்ட் அணியின் கென்னி அட்கின்சனுக்குப் போனது. 82 ஆட்டங்களில் 64 வெற்றி. நல்ல பயிற்சியாளர்தான், மறுக்கவில்லை. ஆனால் என் ஓட்டு டெட்ராய்ட்டின் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃபுக்கே.

2023-24 பருவத்தில் டெட்ராய்ட் வென்றது வெறும் 14. தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்ற அணி அது. அத்தனை தோல்விக்குப் பிறகு இளம் வீரர்களுக்குத் தங்கள் மேலேயே நம்பிக்கை போய்விடும். அந்த அணியை ஒரே வருடத்தில் 44 வெற்றிக்குக் கொண்டுவந்தார் பிக்கர்ஸ்டாஃப். நடுவே, ஜனவரி முதல் தேதி அணியின் வீரர் ஜேடன் ஐவிக்குக் கால் முறிந்தது. அதற்கு அப்புறமும் அணி தளரவில்லை, கோப்பைக்கான ப்ளேஆஃப் சுற்று வரை போனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அட்கின்சன் கையில் கிடைத்தது முந்தைய பருவத்திலேயே 48 ஆட்டம் வென்ற அணி. அந்த 48ஐ வென்று கொடுத்துவிட்டு வேலை இழந்தவர் யார்? இதே பிக்கர்ஸ்டாஃப்தான்! அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஓட்டுப் போடும் பத்திரிகையாளர்கள் வெற்றிக் கணக்கோடு, அணி எங்கிருந்து கிளம்பியது என்பதையும் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் ஜெரி ஸ்லோன் 1,221 ஆட்டங்கள் வென்றும் ஒருமுறைகூட இந்த விருதைப் பெறவில்லை. மயாமியின் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவுக்கும் 2025 வரை கிடைக்கவில்லை. இரண்டு கோப்பை வென்றவர் அவர்.

அன்புடன்,
ஒரு கூடைப்பந்து ரசிகர்