பாஸ்போர்ட்டில் ஒளிந்திருக்கும் ‘லெட்’

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழில் வந்த பாஸ்போர்ட் கட்டுரை உருப்படியாக இருந்தது, முகவரி மாற்றத்துக்கு என்னென்ன ஆவணம் வேண்டும் என்ற பகுதி குறிப்பாக. ஆனால் குடியரசுத் தலைவரின் பெயரால் பாஸ்போர்ட்டுக்குள் அச்சிட்டிருக்கும் வேண்டுகோளைத் தமிழில் தந்த இடத்தில், இதை வைத்திருப்பவரை ‘அனுமதியோ தடையோ இல்லாமல்’ போக விடும்படி கேட்பதாகப் போட்டிருக்கிறீர்கள். அனுமதி இல்லாமல் எப்படிங்க ஒருத்தர் எல்லையைத் தாண்டுவார்?

அங்கே இருப்பது ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’. இந்த லெட் ‘லெட் மீ கோ’வில் வரும் லெட் இல்லை, அதற்கு நேர் எதிரி. பழைய ஆங்கிலத்தில் லேட்டன், லெட்டன் என்று இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. முதலாவதற்கு ‘விடு’ என்று பொருள், இரண்டாவதற்குத் ‘தடு, தாமதப்படுத்து’. பஸ் லேட் என்கிறோமே, அந்த லேட்டுக்குச் சொந்தக்காரன் இந்த இரண்டாமவன்தான். போகப் போக இரண்டும் ஒரே ஒலிக்கும் ஒரே எழுத்துக்கும் வந்துவிட்டன. ஒரே சொல் விடவும் செய்யும், தடுக்கவும் செய்யும் என்றால் யார் தாங்குவது? தடுக்கிற வினை மெல்ல வழக்கொழிந்தது.

ஷேக்ஸ்பியர் காலத்தில் அது உயிரோடுதான் இருந்தது. ஹாம்லெட் முதல் அங்கம், நான்காம் காட்சி: அப்பாவின் ஆவி கையசைத்துக் கூப்பிடுகிறது, போகாதே என்று ஹொரேஷியோவும் மார்செல்லஸும் அவனைப் பிடித்துக்கொள்கிறார்கள், அவன் என்னை ‘லெட்’ செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன் என்று கத்துகிறான். இன்றைய பொருளில் வாசித்தால் வழிவிடுகிறவனைக் கொல்வேன் என்றாகிவிடும்! ஆவி பின்னால் போகத் துடிக்கிறவன், தடுத்தால் நீயும் ஆவிதான் என்று மிரட்டுவதில் இருக்கும் குறும்பும் போய்விடும். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலும் பவுல் ரோமருக்கு எழுதும்போது, உங்களிடம் வர நினைத்தும் இதுவரை ‘லெட்’ செய்யப்பட்டேன் என்கிறார். தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் ஒழுங்காகத் தடை என்றே இருக்கிறது.

ஸ்குவாஷ் விளையாட்டில் இந்தத் தடை ‘லெட்’ இன்னும் தினமும் புழங்குகிறது. எதிராளி குறுக்கே நின்று பந்தை அடிக்க முடியாமல் போனால் ஆட்டக்காரர் ‘லெட் ப்ளீஸ்’ என்பார். இது தெரியாமல் ஜோஷ்னா சின்னப்பா ஆட்டத்தைப் பார்க்கிறவர்கள், அவர் ஏதோ அனுமதி கேட்கிறார் என்றுதான் நினைப்பார்கள். நடுவர் ‘யெஸ் லெட்’ என்றால் அந்தப் புள்ளியைத் திரும்ப ஆட வேண்டும்.

தெருவில் தொங்கும் ‘டு லெட்’ பலகை முதலாவது லெட்டைச் சேர்ந்தது. கல்யாணம் ஆகாமல் சென்னையில் வீடு தேடும் என் தம்பி அதை ஒத்துக்கொள்ள மாட்டான், அது வேறு கதை.

சரி, மொழிபெயர்ப்புக்கு வருவோம். லெட், ஹிண்ட்ரன்ஸ் இரண்டும் ஒரே பொருள்தான். ஆங்கிலச் சட்ட எழுத்தில் இப்படி ஜோடி போட்டு எழுதுவது பழைய வழக்கம், ‘நல் அண்ட் வாய்ட்’ மாதிரி (இரண்டுமே ‘செல்லாதது’தான்). நமக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு ஜோடி இருக்கிறதே, ‘தங்கு தடையின்றி’! அதைப் போட்டிருந்தால் முடிந்தது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள், இணையப் பதிப்பிலும் அந்த வரியை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி